போதைப் பித்தும் போதை வேட்கையும்: ஒரு வரலாற்று நோக்கு

இறைவன் மனிதனுக்கு அருளிய கொடைகளுள் தலையாயது அறிவு. தொழுகை முதல் கொடுக்கல் வாங்கல் வரை மார்க்கக் கடமைகள் யாவும் அதன்மீதே நிற்கின்றன. மார்க்கம், உயிர், அறிவு, வழித்தோன்றல், உடைமை ஆகிய ஐந்தையும் காப்பதே ஷரீஅத்தின் குறிக்கோள் என இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) தம் ‘அல்முஸ்தஸ்ஃபா’வில் வகுத்துரைத்தார்கள். போதைப் பொருள்கள் ஏன் விலக்கப்பட்டன என்பதை விளக்குமிடத்து நம் மேடைகளில் இக்கருத்துத் தவறாமல் சொல்லப்படுகிறது. ஆனால், அறிவைக் கெடுத்துக்கொண்ட ஒருவனை மீட்பது எவ்வாறு என்னும் வினா எழும்போது நாம் பெரும்பாலும் வாளாவிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் பெரம்பலூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் மார்க்கக் கூட்டம் முடிந்து புறப்படும் வேளையில், பெரியவர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். அவருடைய மகன் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் லாரி ஓட்டி வந்தவர். கஞ்சாப் பழக்கம் முற்றி, யாரோ தம்மைக் கொல்லத் தொடர்வதாக அஞ்சினார். இரவில் குரல்கள் கேட்பதாகச் சொன்னார். வீட்டார் அவரைத் தர்கா ஒன்றில் நாற்பது நாள் தங்க வைத்தனர். தெளிவு பெற்று வந்தவர் ஃபஜ்ருத் தொழுகையில் முதல் வரிசையில் நின்றார். மூன்றாம் மாதம் பழக்கம் திரும்பியது. சில நாள்களில் குரல்களும் திரும்பின. “ஹஜ்ரத், போன ஜின் மறுபடியும் வந்துவிட்டதா? இல்லை, பிள்ளை எங்களை ஏமாற்றுகிறானா?” என்று அவர் கேட்டார்.

அன்று ஆறுதல் கூறிப் பிரிந்தோம். ஆயினும் அவ்வினா நம்மை விடவில்லை. நூல்களைப் புரட்டியபோது ஓர் உண்மை புலப்பட்டது. போதையால் விளையும் பித்து வேறு. போதையை நாடும் வேட்கை வேறு. இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. ஆனால் ஒன்று தணிந்துவிட்டதால் மற்றதும் தணிந்துவிட்டதாகக் கொள்வது பெரும் பிழை. இவ்வேறுபாட்டை நம் முன்னோரும் பின்வந்த மருத்துவரும் கண்டுணர்ந்த வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

முன்னோர் நூல்களின் சான்று

மருந்தியல் அறிஞர் இப்னுல் பைத்தார் (இறப்பு ஹிஜ்ரி 646 / கி.பி. 1248) மலாகாவில் பிறந்து, எகிப்தில் பணியாற்றி, டமாஸ்கஸில் மறைந்தவர். மருந்துப் பொருள்களை அகரவரிசையில் தொகுத்த தம் பெருநூலில், எகிப்தின் தோட்டங்களில் வளர்க்கப்பட்ட கஞ்சாச் செடியையும் அதைத் தின்ற ஃபக்கீர்களையும் தாம் நேரில் கண்டதாகக் குறிக்கிறார். ஓரிரு திர்ஹம் எடையே கடும் போதை தரும் என்றும், அளவு மீறியோருள் சிலர் அறிவு குலைந்து பைத்தியமாயினர் என்றும் எழுதுகிறார். போதைப் பித்தைக் கண்ணாற்கண்டு பதிந்த பழஞ்சான்றுகளுள் இது குறிப்பிடத்தக்கது.

அவருக்குப் பின் வந்த மாலிக்கீ அறிஞர் இமாம் கராஃபீ (இறப்பு ஹிஜ்ரி 684 / கி.பி. 1285) இதனைச் சட்ட நோக்கில் ஆராய்ந்தார். ‘அல்ஃபுரூக்’ என்னும் நூலின் நாற்பதாம் பிரிவில், அறிவைத் தாக்கும் பொருள்களை அவர் மூவகைப்படுத்துகிறார். புலன்களை அடக்கித் தூக்கத்தில் ஆழ்த்துவது ‘முரக்கித்’. புலன்கள் அடங்காமலேயே களிப்பையும் எக்களிப்பையும் தந்து அறிவை மறைப்பது ‘முஸ்கிர்’. களிப்புத் தராமல் அறிவைக் குலைப்பது ‘முஃப்ஸித்’. கஞ்சாவை அவர் மூன்றாம் வகையில் சேர்த்தார். அதற்கு அவர் காட்டும் காரணம் கருதத்தக்கது. அது உடலில் ஏற்கெனவே உறைந்துள்ள குணத்தைக் கிளறிவிடுகிறது. பித்த உடம்பினன் சினம் கொள்கிறான், கப உடம்பினன் மந்தமாகி மௌனமாகிறான், கரும்பித்தம் மிக்கவன் அழுது அஞ்சுகிறான், குருதி மிக்கவன் மகிழ்கிறான் என்கிறார். நாடிக் கொள்கையின் மொழியை நீக்கிப் பார்த்தால், ஒரே பொருள் ஒருவனைப் பித்தனாக்கி மற்றவனை விட்டுவிடுவதேன் என்னும் வினாவுக்கு, உட்கொள்பவனின் இயல்பிலும் விடையுண்டு என்பதே அவர் கண்ட உண்மை.

கஞ்சாவும் ‘முஸ்கிர்’தான், மதுவுக்குரிய தண்டனையே இதற்கும் என்று இப்னு தைமிய்யா (இறப்பு ஹிஜ்ரி 728 / கி.பி. 1328) வாதிட்டார். ஷாஃபிஈ அறிஞர் ஸர்கஷீ (இறப்பு ஹிஜ்ரி 794 / கி.பி. 1392) இப்பொருளுக்கென்றே தனி நூல் யாத்தார். தண்டனையில் கருத்து வேறுபட்டாலும், போதைக்காக உண்பது விலக்கப்பட்டது என்பதில் அவர்கள் ஒன்றுபட்டனர்.

‘காரணம்’ என்னும் கட்டம்

பித்துக்குக் காரணம் போதைதான் என்று எதைக்கொண்டு முடிவு செய்வது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவில் இவ்வினா அரசியல் வடிவெடுத்தது. இந்நாட்டுப் பைத்தியக்கார மருத்துவமனைகள் கஞ்சாவால் நிரம்புகின்றன என்னும் குற்றச்சாட்டு எழ, பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் டபிள்யூ. எஸ். கெய்ன் 1893ஆம் ஆண்டு வினாத் தொடுத்தார். அவ்வாண்டே மெக்வொர்த் யங் தலைமையில் இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு அமைந்தது. 1,193 பேரிடம் சாட்சியம் பெற்று, 1894இல் அறிக்கையை நிறைவு செய்தது. சென்னை மாகாணமும் அதன் ஆய்வெல்லைக்குள் இருந்தது. பெரம்பலூரும் உடையார்பாளையமும் அக்காலத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்து வட்டங்கள். அரியலூர் ஒரு ஜமீன்.

குழுவினர் பதிவேடுகளின் எண்ணிக்கையை அப்படியே ஏற்கவில்லை. ஒவ்வொரு நோயாளியின் வரலாற்றையும் பின்னோக்கித் தேடினர். கிடைத்த உண்மை வியப்பளிப்பது. மனநோயாளி ஒருவரைக் காவல்துறையினர் அழைத்து வரும்போது ஒரு படிவம் நிரப்பப்படும். அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். நோயாளியின் ஊரும் உறவும் அறியாத காவலர் அக்கட்டத்தை வெறுமையாக விட இயலாமல் ‘கஞ்சா’ என்று எழுதிவிடுவார். மருத்துவமனை அதைப் பதிவேட்டில் படியெடுக்கும். ஆண்டறிக்கையில் அது புள்ளிவிவரமாகும். 1892ஆம் ஆண்டு அனுமதிக்கப்பட்ட 1,344 பேருள் 222 பேரின் நோய்க்குக் கஞ்சா போன்றவையே காரணம் எனப் பதிவாகியிருந்தது. விசாரணைக்குப் பின் எஞ்சியவர் 98 பேர். அவர்களிலும் வேறு காரணங்கள் கலவாதவர் 61 பேர் மட்டுமே.

ஹதீஸ் கலையில் பழகியவர்களுக்கு இது புதிதன்று. அறிவிப்பாளர் தொடர் அறுந்த செய்தியை நாம் ஏற்பதில்லை. அக்கட்டத்தில் எழுதப்பட்டது, முதல் அறிவிப்பாளர் யாரென்றே தெரியாத செய்தி. மிகுதியாகப் பயன்படுத்தினால், குறிப்பாக இயல்பிலேயே மனத்தளர்ச்சி உடையவர்களிடம், பித்து விளையலாம் என்பதைக் குழு மறுக்கவில்லை. சிலரிடம் போதைநாட்டமே மனக்குலைவின் அறிகுறியாக இருக்கலாம் என்றும் கூறியது. கராஃபீ இமாம் கண்டதும் ஏறக்குறைய இதுவே.

குழுவின் முடிவைக் கஞ்சாவுக்கு நற்சான்றிதழாகக் கொள்வோரும் உளர், அது தவறு. சுவீடன் நாட்டில் இராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 1987இல் வெளியானது. ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா புகைத்தோருக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு நோய் ஏற்படும் வாய்ப்பு ஆறு மடங்காக இருந்ததென அது காட்டியது. காவலரின் எழுதுகோல் பிழைத்தது. அதனால் பொருள் தூயதாகிவிடவில்லை.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘வேட்கை’ என்று ஒரு கட்டம் இல்லை. தெளிந்தவர் வீடு திரும்பியபின் என்ன ஆனார் என்பதை அது கேட்கவில்லை.

வெற்றிலையில் வந்த கோக்கைன்

பித்துக்கும் வேட்கைக்குமுள்ள உறவை மிகத் துலக்கமாகக் காட்டும் பொருள் கோக்கைன். இப்பொருளைக்கொண்டே ஆய்வுகள் மிகுதியாக நடந்துள்ளமையால், நம் பகுதியில் மிகுதியும் காணப்படும் கஞ்சாவைப் புரிந்துகொள்ளவும் இது துணைபுரியும். கொக்கோ இலையிலிருந்து இதனை 1860ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் ஆல்பர்ட் நீமான் பிரித்தெடுத்தார். 1884இல் வியன்னாவின் கார்ல் கோலர் கண் அறுவைக்கு இதனை மரப்பு மருந்தாக்கினார். அவ்வாண்டே சிக்மண்ட் ஃபிராய்டு இதனைப் புகழ்ந்து எழுதியதோடு, மார்ஃபினுக்கு அடிமையாகியிருந்த தம் நண்பர் எர்ன்ஸ்ட் ஃபிளைஷ்லுக்கு மாற்று மருந்தாகவும் பரிந்துரைத்தார். விளைவு விபரீதமாயிற்று. 1885இல் அந்நண்பர் நாளொன்றுக்கு ஒரு கிராம் அளவுக்கு உயர்ந்தார். தம் தோலின்மீது பாம்புகள் ஊர்வதாகக் கண்டு நடுங்கினார். தோலுக்கடியில் பூச்சிகள் ஊர்வதான இவ்வுணர்வைப் பாரிஸ் மருத்துவர் மாஞான் 1889இல் விவரித்தார். இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது. பாம்புகளைக் கண்டு அஞ்சிய ஃபிளைஷ்ல் கோக்கைனை விட்டாரா? இல்லை. பித்தின் கொடுமை வேட்கையைக் கொல்லவில்லை. 1891இல் அவர் மறைந்தார்.

இந்தியாவிலும் இப்பழக்கம் அப்போதே புகுந்தது. பீகாரின் பாகல்பூரில் பல்வலிக்கு மருந்தாகப் பெற்ற ஒரு நிலக்கிழாரிடமிருந்து அது பரவியதாக மருத்துவ அறிஞர் கர்னல் ராம்நாத் சோப்ரா பதிந்துள்ளார். இங்கே அதனை வெற்றிலையில் சுண்ணாம்போடு சேர்த்து மென்றனர். சுண்ணாம்பின் காரம் கோக்கைனை அதன் உப்பிலிருந்து விடுவித்து, வாயின் மென்தோல் வழியே விரைந்து உடலில் சேர்க்கிறது. விருந்தோம்பலின் அடையாளமான வெற்றிலையே நஞ்சின் வாகனமாயிற்று. 1900இல் வங்காள அரசு விற்பனையைக் கட்டுப்படுத்தியது. பின்னரும் ஜெர்மனியிலிருந்தும், முதல் உலகப்போருக்குப் பின் ஜப்பானிலிருந்தும் கள்ளத்தனமாக அது வந்துகொண்டிருந்தது. 1930இல் அபாயகரமான போதைப் பொருள்கள் சட்டம் இயற்றப்பட்டது. இரண்டாம் உலகப்போரை ஒட்டி வரத்து அற்றுப்போக, அப்பழக்கமும் பெரும்பாலும் மறைந்தது.

இன்றோ நிலை மாறி வருகிறது. 2021 ஏப்ரலில் தூத்துக்குடித் துறைமுகத்தில் மரத்தடிகளோடு வந்த சரக்குப் பெட்டகத்தில் 300 கிலோவுக்கும் மேற்பட்ட கோக்கைன் பிடிபட்டது. 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் கோக்கைன் பயன்படுத்துவோர் 0.10 விழுக்காடு, கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் 2.8 விழுக்காடு. முன்னது சிறிதென்று அலட்சியம் செய்வதற்கில்லை. பாகல்பூரிலும் அது ஒருவரிடமிருந்தே பரவியதாகச் சொல்லப்படுகிறது.

பித்து தணியும், வேட்கை காத்திருக்கும்

கோக்கைனுக்கு அடிமையாகிச் சிகிச்சைக்கு வந்த 55 பேரை அமெரிக்க மருத்துவர்கள் ஆராய்ந்து 1991இல் வெளியிட்டனர். அவர்களுள் 29 பேர் தற்காலிகப் பித்துநிலைக்கு ஆளானவர்கள். இதில் ஒரு விந்தையுண்டு. மற்ற விளைவுகள் பழகப் பழக மங்க, வீண் ஐயமும் அச்சமும் மட்டும் பழகப் பழக விரைவாகவும் கடுமையாகவும் எழுகின்றன. மூளை அவ்வழியில் கூர்மையடைந்துவிடுகிறது என்பர் மருத்துவர். வேட்கையும் இவ்வாறே கூர்மையடைகிறது என 1993இல் ராபின்சன், பெரிட்ஜ் ஆகிய இரு அறிஞர்கள் விளக்கினர். ஒன்றை விரும்பித் துய்ப்பது வேறு, அதை நாடித் தவிப்பது வேறு என்பது அவர்கள் கண்ட நுட்பம். டோபமின் என்னும் மூளை வேதிப்பொருள் தவிப்பைத் தூண்டுகிறது. காலப்போக்கில் இன்பம் குறையும், தவிப்போ வளரும். இன்பமில்லாத ஒன்றை, அஞ்சத்தக்க ஒன்றை, மனிதன் ஏன் மீண்டும் நாடுகிறான் என்பதற்கு இது விடை தருகிறது.

அடுத்த செய்தி நம் பெரியவரின் வினாவுக்கு நேரடியாகப் பொருந்துவது. போதையால் மட்டும் எழுந்த பித்து, பொருளை நிறுத்தியபின் நாள்களிலோ வாரங்களிலோ பெரும்பாலும் அடங்கும். ஒரு மாதம் கடந்தும் நீடித்தால் வேறு மனநோய் உண்டா என மருத்துவர் ஆராய வேண்டும். வேட்கை அப்படியன்று. கோக்கைனுக்குப் பழக்கப்பட்ட எலிகளில், நிறுத்திய முதல் நாளைவிட வாரங்கள் கழித்தே அப்பொருளை நினைவூட்டும் குறிகள் வலுவான நாட்டத்தை எழுப்பின என்று 2001இல் ஓர் ஆய்வு காட்டியது. கோக்கைனை நிறுத்திய மனிதர்களிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. ‘நாட்டம் இல்லை’ என்று அவர்கள் வாயால் சொல்வது நாளடைவில் கூடியது; ஆனால், கோக்கைனைக் குறிக்கும் படங்களுக்கு அவர்களுடைய மூளை காட்டிய அசைவு ஒன்று முதல் ஆறு மாதங்களில் உச்சத்திலிருந்தது.

இதை ஊன்றிப் பார்க்க வேண்டும். அந்த இளைஞர் முதல் வரிசையில் நின்றபோது பொய் நடிப்பில் நிற்கவில்லை. அவருடைய தவ்பா உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் பழைய லாரி, பழைய சாலை, பழைய தோழர், பழைய புகைவாடை ஆகியவற்றின் முன் அவரைத் துணையின்றி நிறுத்திவிட்டோம். நாற்பது நாளில் பித்து தணிந்தது. வேட்கை விழித்தெழும் காலம் அதன்பின்தான் தொடங்கியது.

அப்படியானால் ஜின்? ஜின்கள் உண்டென்பது குர்ஆன் கூறும் உண்மை. ஆனால் இன்னாருடைய நோய் ஜின்னால் வந்தது என்பது தனியொரு செய்தி. அதற்குச் சான்று வேண்டும். சான்றின்றி அதைச் சொல்வது, அந்தக் காவலர் கட்டத்தை நிரப்பியதற்கு ஒப்பாகும். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றி, சங்கிலியில் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் உள்ளிட்ட 28 பேர் மாண்ட துயரம், நோயாளியைப் புரிந்துகொள்ளாத சமூகம் அனைத்திற்கும் எச்சரிக்கையாகும்.

இப்னு ஹஜரின் தீர்ப்பு

வேட்கையை நம் ஃபுகஹாக்கள் அறிந்திருந்தார்களா? அறிந்திருந்தார்கள். மக்காவில் வாழ்ந்த ஷாஃபிஈ இமாம் இப்னு ஹஜர் அல்ஹைதமீ (இறப்பு ஹிஜ்ரி 974 / கி.பி. 1567) அவர்களிடம் ஒரு வினா வந்தது. அபின் போன்றவற்றுக்கு அடிமையாகி, உண்ணாவிடில் இறந்துபோகும் நிலைக்கு ஆளானவன் என் செய்வது? அவர்கள் அளித்த தீர்ப்பின் சாரம் இது: நிறுத்தினால் உயிர்போகும் என்பது உறுதியானால், பட்டினியால் சாகும் நிலையிலிருப்பவனுக்குச் செத்த பிராணியின் இறைச்சி ஆகுமாவது போல அவனுக்கு அது ஆகும், ஆனால் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்து, வயிறு உணராவண்ணம் அதன் வேட்கையை நீக்குவது அவன்மீது கடமை, அதைச் செய்யாவிடில் பாவியாவான். இத்தீர்ப்பை ஹனஃபீ அறிஞர் இப்னு ஆபிதீன் (இறப்பு ஹிஜ்ரி 1252 / கி.பி. 1836) தம் ‘ரத்துல் முஹ்தா’ரில் எடுத்தாள்கிறார், ஹனஃபீ விதிகள் இதற்கு மாறானவையல்ல என்னும் கருத்தும் அங்கு இடம்பெறுகிறது. இரு மத்ஹபினரும் வாழும் தமிழகத்தில் இது இருசாராருக்கும் உரிய சட்டமாகிறது.

வேட்கை என்பது வெறும் மனவுறுதிக் குறைவன்று, உடலில் வேரூன்றிய ஒன்று என்பதை இத்தீர்ப்பு ஏற்கிறது. அதே மூச்சில் அவனுடைய பொறுப்பையும் விட்டுக்கொடுக்கவில்லை. ‘நோயாளி’ என்று சொல்லிக் கடமையை நீக்கவுமில்லை; ‘பாவி’ என்று சொல்லி மருத்துவத்தை மறுக்கவுமில்லை.

இதைத் தவறாகப் பொருத்திவிடலாகாது. திடீரென நிறுத்துவதால் உயிருக்கு ஆபத்து நேரலாம் என்பது நீண்டகாலக் குடிப்பழக்கம் போன்றவற்றில் மெய். அவற்றை மருத்துவர் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும். கோக்கைனை நிறுத்துவதால் கடும் சோர்வும் சிலரிடம் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் வருமேயன்றி, அந்நிறுத்தமே உயிரைக் கொல்வதில்லை. ஆகவே இமாமவர்கள் அளித்த சலுகை அதற்கு நீளாது. நீள்வது அவர்கள் காட்டிய கோட்பாடு: வேட்கைக்குத் தனியே, காலமெடுத்து, படிப்படியாக மருத்துவம் செய்ய வேண்டும்.

நாற்பதாம் நாளுக்குப் பின்

முவஹ்ஹிது மன்னர் யஃகூப் அல்மன்ஸூர் (ஆட்சி கி.பி. 1184–1199) மராக்கிஷ் நகரில் கட்டிய மருத்துவமனையை வரலாற்றாசிரியர் அப்துல் வாஹித் அல்மராக்குஷீ வருணிக்கிறார். நலமடைந்து வெளியேறும் ஏழை நோயாளிக்கு, அவன் தன் காலில் நிற்கும்வரை வாழ்வதற்குரிய பணம் தரப்பட்டதாம். நோய் நீங்கிய நாளில் மருத்துவம் முடிவதில்லை என்பதை அம்மன்னரின் ஏற்பாடு உணர்ந்திருந்தது.

நம் மஹல்லாக்களுக்கு இதில் பாடம் உண்டு. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திற்கு ஆளான அடிமையர் தாமே சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழிசெய்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமோ போதைப் பழக்கத்தால் விளையும் மனநிலைகளையும் மனநோய் என்றே ஏற்கிறது. மருத்துவரிடம் செல்வதற்குச் சட்டம் தடையாக இல்லை. நம் வெட்கமே தடையாக நிற்கிறது. தெளிந்து வந்தவருக்கு வேறு வேலை தேடித் தருவதும், ஆறு மாதமேனும் மருத்துவரிடம் தவறாது அனுப்புவதும், ஃபஜ்ருக்கு வராத நாளில் கடிந்து பேசாமல் வீடு தேடிச் செல்வதும் ஜமாஅத் செய்யக்கூடியவையே. பைத்துல்மாலும் ஸகாத்தும் இதற்கு இடந்தருபவை.

அப்பெரியவருக்கு அன்று சொல்லத் தவறிய விடையை இன்று எழுதுகிறோம். ஜின் திரும்பியதாகச் சொல்லச் சான்றில்லை. பிள்ளை உங்களை ஏமாற்றியதாகவும் கொள்ள வேண்டியதில்லை. போகாமலிருந்த வேட்கையைப் போய்விட்டதாக நாம் எல்லோரும் எண்ணிக்கொண்டோம். அவரை மீண்டும் அழைத்துச் செல்லுங்கள். இம்முறை நாற்பதாம் நாளோடு நிறுத்திவிடாதீர்கள். அறிவை அருளிய அல்லாஹ், அதை இழந்தோருக்கு மீட்டருள்வானாக. மீண்டோரைத் தாங்கும் பொறுமையை நமக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.